மூருக்கு எதிரே மூர்

*ஒரு பெயர், இரண்டு வேர் – வரலாற்றுத் தொடர்: பகுதி 5*

இதுவரை…

சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி 1985இல் தீப்பிடித்து அழியும்வரை நின்றிருந்த மூர் மார்க்கெட்டில் இந்தத் தொடரைத் தொடங்கினோம். சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூரின் பெயரைத் தாங்கிய சந்தை அது. அந்த 'மூர்' எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில் கிடைத்தது ஒரு வேர் அல்ல, இரண்டு.

ஒன்று, இங்கிலாந்து வேர். புதரும் சேறும் மண்டிய தரிசு மேட்டுநிலத்துக்கு அங்கே மூர் என்று பெயர். அதன் ஓரத்தில் குடியிருந்தவர்களுக்கு அதுவே அடையாளமாகி, பின்னர் குடும்பப் பெயராகவும் ஆனது. அப்படிப்பட்ட நிலம் பல ஊர்களில் இருந்ததால், ஒருவருக்கொருவர் ஒட்டுறவே இல்லாத பல மூர் குடும்பங்கள் முளைத்தன.

மற்றொன்று, அயர்லாந்து வேர். லீஷ் நாட்டை ஆண்ட ஓ'மோர் குலத்தார். மோர்தா என்ற முன்னோரின் வழிவந்தவர்கள். 'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல். 1556இல் அவர்கள் நிலத்தைப் பறித்து ஆங்கிலேயர்களைக் குடியேற்றி, மேரி அரசிக்கு மரியாதையாகக் குயின்ஸ் கவுண்டி என்று பெயரையும் மாற்றியது இங்கிலாந்து. எதிர்த்து நின்ற ரோரி ஓக் ஓ'மோர் 1578இல் கொல்லப்பட்டார். அவர் மகன் ஓனி 1600இல். மிச்சமிருந்த குலத்தாரை 1607 முதல் 1609 வரை தென்மேற்கே கெர்ரிக்கு விரட்டினார்கள்.

சென்ற வாரம் பார்த்தது, கென்ட்டிலிருந்து அயர்லாந்துக்கு வந்த ஆங்கிலேய மூர்களின் கதை. எட்வர்ட் மூருக்கு மெல்லிஃபோன்ட் மடம் கிடைத்தது. 1142இல் எழுந்த மடம், மாளிகையாக மாறியது. 1603இல் அதே வீட்டில்தான், ஆங்கிலேயர்களை எதிர்த்துப் போரிட்ட அல்ஸ்டர் தலைவர் ஹியூ ஓ'நீல் சரணடைந்தார். வீட்டுக்காரர், எட்வர்டின் மகன் காரட் மூர். பிறகு அவருக்கு ட்ரோஹெடா வைகவுன்ட் பட்டமும் வந்து சேர்ந்தது.

ஒரு குடும்பம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு குடும்பம் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டும் நேருக்கு நேர் மோதிக்கொள்ள ஒரு தலைமுறை போதுமானதாக இருந்தது.

★

டப்ளினில் ஒரு பேச்சு

1641, பிப்ரவரி. நாடாளுமன்றக் கூட்டத்துக்காக டப்ளின் வந்திருந்தார் கானர் மகுவயர். ஃபெர்மனா பகுதியின் பிரபு. வயதில் இளையவர். கடனில் மூழ்கியிருந்தவர்.

அவரைத் தேடி வந்தார் ரோரி ஓ'மோர்.

கில்டேரில் பாலினா என்ற இடத்தில் ரோரிக்குப் பண்ணை இருந்தது. குலத்தின் பெரும்பகுதி கெர்ரிக்குத் துரத்தப்பட்டபோதும் இந்தக் கிளை மட்டும் தப்பிப் பிழைத்திருந்தது. காட்டில் பதுங்கிப் போரிட்ட ரோரி ஓக் மாதிரியான ஆள் இல்லை இவர். நல்ல படிப்பு. நயமான பேச்சு. சர் பேட்ரிக் பார்ன்வாலின் மகளை மணந்தவர். பார்ன்வால்கள், பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வந்து குடியேறிய 'பழைய ஆங்கிலேயர்' கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். ரத்தத்தில் ஆங்கிலேயர், மதத்தில் கத்தோலிக்கர்.

அதாவது, பழைய ஐரிஷ் குலத்தாரிடம் ரோரி போனால் சொந்தக்காரர். பழைய ஆங்கிலேயர்களிடம் போனால் வீட்டு மாப்பிள்ளை. இரண்டு பக்கமும் கதவு திறந்திருந்த ஆட்கள் அன்றைய அயர்லாந்தில் மிகக் குறைவு.

மகுவயரிடம் அவர் நிலத்தைப் பற்றித்தான் முதலில் பேசினார். நம் முன்னோர் ஆண்ட நிலம் எங்கே? நாம் எங்கே? இதே நிலையில் எத்தனை குடும்பங்கள்?

பேச்சுக்குக் காலமும் தோதாக இருந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆயுதம் ஏந்தி, சார்லஸ் மன்னரைப் பணியவைத்துத் தங்கள் மத உரிமையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். மே மாதத்தில், அயர்லாந்தை இரும்புக்கரத்தால் ஆண்டு வந்த ஸ்ட்ராஃபோர்டின் தலை லண்டனில் உருண்டது. கத்தோலிக்கர்களைக் கண்டாலே ஆகாத பியூரிட்டன்களின் கை நாடாளுமன்றத்தில் ஓங்கிக்கொண்டிருந்தது. மன்னர் பலவீனம். நாடாளுமன்றம் பகை. ஸ்காட்லாந்து முன்னுதாரணம். சும்மா இருந்தால் இருப்பதும் போகும் என்று நம்புவதற்கு இது போதாதா?

திட்டம் உருவானது. அக்டோபர் 23, சனிக்கிழமை. சந்தை நாள். வெளியூர் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்தாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அன்று டப்ளின் கோட்டையைப் பிடிக்க வேண்டும். பத்தாயிரம் பேருக்குப் போதுமான ஆயுதம் உள்ளே இருந்தது. அதே வேளையில் வடக்கே அல்ஸ்டரில் ஃபெலிம் ஓ'நீல் கோட்டைகளைக் கைப்பற்றுவார்.

★

சுவரேறிக் குதித்தவர்

அக்டோபர் 22, வெள்ளிக்கிழமை மாலை. சதியில் ஒருவரான ஹியூ ஓக் மக்மேகன், தன் வளர்ப்புச் சகோதரர் ஓவன் ஓ'கானலியை டப்ளினுக்கு வரவழைத்திருந்தார். வைன்டேவர்ன் தெருவில் இருவரும் குடித்தார்கள். குடித்த வேகத்தில் மக்மேகன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நாளைக் காலை கோட்டை நம் கையில். நீயும் எங்களோடு இரு.

ஓ'கானலி யார்? புராட்டஸ்டன்ட்டாக மாறியவர். பியூரிட்டன் பிரமுகர் ஒருவரிடம் வேலை பார்த்தவர். இது மக்மேகனுக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னார்.

ஓ'கானலி முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. இயற்கை உபாதை என்று சொல்லி எழுந்தார். திரும்பி வருவார் என்ற நம்பிக்கை வரட்டும் என்பதற்காக வாளை அறையிலேயே விட்டுவிட்டுப் போனார். முற்றத்துக்கு இறங்கினார். சுவரேறிக் குதித்தார். இன்னும் இரண்டு வேலிகளையும் தாண்டி, நேராக ஆட்சிப் பொறுப்பில் இருந்த சர் வில்லியம் பார்சன்ஸின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

பார்சன்ஸ் முதலில் நம்பவில்லை. வந்தவர் மேல் சாராய வாடை. பேச்சும் குழறியது. போய் இன்னும் விசாரித்து வா என்று திருப்பி அனுப்பிவிட்டார். அப்புறம்தான் உறைத்தது. இரவோடு இரவாகக் கோட்டைக் காவலைப் பலப்படுத்தினார்கள்.

விடிவதற்குள் மக்மேகன் பிடிபட்டார். அடுத்து மகுவயர். இருவரையும் பின்னாளில் லண்டனில் தூக்கிலிட்டார்கள். ஓ'கானலிக்கு நாடாளுமன்றம் 500 பவுன் ரொக்கமும் ஆண்டுக்கு 200 பவுன் உபகாரச் சம்பளமும் கொடுத்தது.

அன்றிரவு டப்ளினில் இருந்த ரோரி சிக்கவில்லை. எல்லோரையும் சேர்த்துவைத்தவர் நழுவிவிட்டார்.

டப்ளின் தப்பியது. ஆனால் வடக்கே ஃபெலிம் ஓ'நீல் குறித்த நேரத்தில் வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தார்.

★

நள்ளிரவில் மெல்லிஃபோன்ட்

இனி அடுத்த மூருக்கு வருவோம். காரட்டின் மகன் சார்லஸ், இரண்டாம் வைகவுன்ட். மெல்லிஃபோன்ட் மாளிகையில் இருந்தார்.

மோனகனில் இருந்த அவருடைய சகோதரி, பிளேனி பிரபுவின் மனைவி, கிளர்ச்சிக்காரர்களிடம் சிக்கிவிட்டார் என்று செய்தி வந்தது. சார்லஸ் விடியும்வரை காத்திருக்கவில்லை. நள்ளிரவில் குதிரையேறி ட்ரோஹெடா நகருக்குப் போனார். மேயரையும் நகரப் பெரியவர்களையும் தூக்கத்திலிருந்து எழுப்பினார்.

அந்த நகரத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பாய்ன் நதி நடுவே ஓட, இரு கரையிலும் மதில் சூழ்ந்த ஊர். வடக்கிலிருந்து டப்ளினுக்கு வரும் பாதை அதன் வழியாகத்தான் போகிறது. ட்ரோஹெடா விழுந்தால், தலைநகருக்கும் கிளர்ச்சிப் படைக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படியான தடுப்பு எதுவும் இல்லை.

மதில் பழையது. காவல் படை சொற்பம். ஊர்மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். அவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சார்லஸ் டப்ளினுக்கு ஓடிப்போய் ஆள் கேட்டார். நவம்பர் தொடக்கத்தில் சர் ஹென்றி டிச்போர்ன் ஆயிரம் காலாட்களோடு வந்து சேர்ந்தார்.

அம்மாத இறுதிக்குள் சார்லஸின் சொந்த வீடே போய்விட்டது. மெல்லிஃபோன்ட் கிளர்ச்சிக்காரர்கள் வசம். நவம்பர் 29 அன்று, உதவிக்காக டப்ளினிலிருந்து புறப்பட்ட சுமார் 600 காலாட்கள் ஜூலியன்ஸ்டவுன் பாலத்தருகே, மூடுபனிக்குள், எதிரியிடம் மாட்டிச் சிதறினார்கள். செய்தி நாடெங்கும் பரவியது. அரசுப் படையைத் தோற்கடிக்க முடியும்!

★

குன்றின் மேல் ஒரு கேள்வி

ரோரிக்கு இதுதான் சரியான தருணம்.

அதுவரை இது அல்ஸ்டர் ஐரிஷ்காரர்களின் கிளர்ச்சி. டப்ளினைச் சுற்றி வாழ்ந்த பழைய ஆங்கிலேயப் பிரபுக்கள் மதில்மேல் பூனையாக இருந்தார்கள். மதம் இந்தப் பக்கம் இழுத்தது. ரத்தமும் ராஜ விசுவாசமும் அந்தப் பக்கம் இழுத்தன. போதாக்குறைக்கு, வடக்கிலிருந்து வந்த செய்திகள் கலங்கடித்தன. போர்ட்டடவுன் பாலத்தில் சுமார் நூறு புராட்டஸ்டன்ட் குடியேறிகளை ஆற்றில் தள்ளிக் கொன்றிருந்தார்கள். இவர்களோடா கைகோப்பது?

டிசம்பர் தொடக்கத்தில், மீத் பகுதியில் நாக்ராஃப்டி என்ற குன்றில் பிரபுக்கள் கூடினார்கள். கார்மன்ஸ்டன் பிரபு தலைமை. சற்று நேரத்தில் ரோரி, துப்பாக்கி ஏந்திய காவலர் சூழக் குதிரையில் வந்தார்.

எங்கள் பகுதிக்குள் எதற்காக ஆயுதத்தோடு வந்தீர்கள் என்று கேட்டார் கார்மன்ஸ்டன்.

ரோரி தயாராகவே வந்திருந்தார். மூன்று காரணங்கள் சொன்னார். எங்கள் மனசாட்சிப்படி வழிபடும் சுதந்திரம். மன்னரின் அதிகாரத்தைக் காப்பது. இங்கிலாந்துக் குடிமக்களுக்கு உள்ள உரிமை அயர்லாந்துக் குடிமக்களுக்கும் வேண்டும் என்பது.

கவனியுங்கள். பறிபோன நிலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிப்ரவரியில் மகுவயரிடம் அதைத்தான் முதலில் சொன்னவர், இங்கே அதைத் தொடவே இல்லை. ஏனென்றால் எதிரே நின்றவர்கள் கையிலும் ஒரு காலத்தில் ஐரிஷ்காரர்களிடமிருந்து பிடுங்கிய நிலம் இருந்தது. யாரிடம் எதைப் பேசக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இவைதான் உண்மையான காரணங்களா, வேறு நோக்கம் இல்லையே என்று மறுபடியும் கேட்டார் கார்மன்ஸ்டன். இல்லை என்றார் ரோரி. அப்படியானால் நாங்களும் சேர்கிறோம் என்றார் அவர்.

சில நிமிடப் பேச்சு. நார்மன்கள் அயர்லாந்தில் கால் வைத்த நாள் முதலாக, ஏறத்தாழ 470 ஆண்டுகள், எதிரெதிராக நின்ற இரண்டு கூட்டங்கள் ஒரே கொடியின்கீழ் வந்தன. இந்தக் கிளர்ச்சி பெரும்போராக மாறியது அந்தக் குன்றின் மேல்தான்.

★

குதிரை ஓடிய இரவு

ட்ரோஹெடாவைச் சுற்றி வளைத்தாயிற்று. வெளியே ஃபெலிம் ஓ'நீலும் ரோரியும் அடங்கிய தலைவர்களின் படை. உள்ளே டிச்போர்னும் சார்லஸ் மூரும்.

வெளியே இருந்தவர்களிடம் ஆள் அதிகம். ஆனால் மதிலைத் தகர்க்கும் பெரிய பீரங்கிகள் இல்லை. எனவே பட்டினியை நம்பினார்கள். கடலிலிருந்து உணவுக் கப்பல் வராதபடி ஆற்றை மறித்தார்கள். உள்ளே குதிரை, நாய், பூனை என்று எதையும் விட்டுவைக்காத நிலை வந்தது.

1642 ஜனவரியில் தடையை உடைத்துக்கொண்டு கப்பல்கள் உள்ளே வந்துவிட்டன. அன்றிரவு நகரம் கொண்டாடியது. காவலர்களும் குடித்தார்கள். இதற்காகவே காத்திருந்ததுபோல, உள்ளிருந்த சிலரின் உதவியோடு, மதிலில் அடைத்திருந்த ஒரு பழைய வழியைத் திறந்து சுமார் 500 பேர் சத்தமில்லாமல் நகருக்குள் நுழைந்தார்கள்.

தெருக்கள் இருட்டு. வந்தவர்களுக்கு ஊர் புதிது. சந்தடி கேட்டு டிச்போர்ன் கைத்துப்பாக்கியோடு வெளியே ஓடிவந்தார். அவர் வேலைக்காரர் பின்னாலேயே குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தார். குதிரை மிரண்டு, பிடியை விடுவித்துக்கொண்டு, கல் பாவிய தெருவில் தறிகெட்டு ஓடியது. இருட்டில் அந்தக் குளம்பொலி ஒரு குதிரைப்படையே பாய்ந்து வருவதுபோல் கேட்டது என்று டிச்போர்ன் பின்னர் தன் மனைவிக்கு எழுதினார்.

நுழைந்தவர்கள் தடுமாறினார்கள். அதற்குள் காவல்படை கூடிவிட்டது. விடிவதற்குள் எல்லாம் முடிந்தது.

பிப்ரவரியில் ஏணி வைத்து ஏறப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. மார்ச் தொடக்கத்தில் முற்றுகை கலைந்தது. டிச்போர்னும் சார்லஸ் மூரும் வெளியே வந்து வடக்கு நோக்கித் துரத்தினார்கள்.

மதிலுக்கு உள்ளே நின்ற மூர் ஜெயித்தார். வெளியே நின்ற ஓ'மோர் தோற்றார்.

ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. அதே மார்ச் மாதம் லண்டன் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. கிளர்ச்சியை அடக்க யார் பணம் தருகிறார்களோ, அவர்களுக்கு அயர்லாந்தில் நிலம் தரப்படும். ஒதுக்கியது 25 லட்சம் ஏக்கர். போர் முடிவதற்கு முன்பே நிலத்தை விற்றுவிட்டார்கள். இழந்ததை மீட்கப் புறப்பட்ட ரோரியின் கிளர்ச்சி, மிச்சமிருந்ததையும் ஏலத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது.

★

எழுத்தரின் பேனா

கிளர்ச்சியில் பாதிக்கப்பட்ட புராட்டஸ்டன்ட்களிடம் அரசு வாக்குமூலம் வாங்கியது. சுமார் 8,000 வாக்குமூலங்கள், 31 தொகுதிகளாக இன்றும் டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியில் இருக்கின்றன. பெயர்த் தொடர் எழுதுகிறவனுக்கு இவை புதையல்.

காரணம், கிளர்ச்சித் தலைவரை அக்கால ஆங்கிலேயர்கள் பெரும்பாலும் 'ரோரி ஓ'மோர்' என்று எழுதவில்லை. 'ரோஜர் மூர்' என்றே எழுதினார்கள். ரோரி, அவர்கள் நாக்குக்கு வசதியான ரோஜர் ஆனார். ஓ காணாமல் போனது. மோர், மூர் ஆனது. அதே எழுத்தர், அதே மையில், நகரைக் காத்தவரை 'மூர் பிரபு' என்று எழுதினார். தாளை மட்டும் பார்க்கிறவர், இவர்கள் அண்ணன் தம்பிகள் என்று நினைத்தாலும் ஆச்சரியமில்லை.

லீஷில் அரசாண்ட குலமும் கென்ட்டிலிருந்து வந்த குடும்பமும் ஒன்றானது இப்படித்தான். ரத்தம் கலக்கவில்லை. எழுத்து கலந்தது. 1890இல் அயர்லாந்தின் குடும்பப் பெயர்களை எண்ணிப் பட்டியலிட்டபோது மூர் 20ஆம் இடத்தில் இருந்தது. அதில் யார் எந்த வேர் என்று பெயரை வைத்து மட்டும் பிரிக்கவே முடியாது. 'நாங்கள் மூர், ஆகவே ஓ'மோர் அரசர்களின் வாரிசுகள்' என்று பெருமை பேசுகிறவர்களும், 'மூர் என்றாலே இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள்' என்று அடித்துச் சொல்கிறவர்களும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்.

சார்லஸ் மூர் 1643இல் போர்ட்லெஸ்டரில், ஐரிஷ் தளபதி ஓவன் ரோ ஓ'நீலின் படையோடு மோதியபோது பீரங்கிக் குண்டு பட்டு இறந்தார். அவர் மகன் ஹென்றி 1661இல் ட்ரோஹெடா ஏர்ல் ஆனார். டப்ளினில் நிலம் சேர்த்து, ஹென்றி தெரு, மூர் தெரு, ஏர்ல் தெரு, ட்ரோஹெடா தெரு என்று தன் பெயரையும் பட்டத்தையும் பிரித்துப் பிரித்துத் தெருக்களுக்கு வைத்தார். 1916 ஈஸ்டர் கிளர்ச்சியின் தலைவர்கள் சரணடைய முடிவெடுத்தது அந்த மூர் தெருவின் 16ஆம் எண் வீட்டில்தான். இன்று அயர்லாந்து விடுதலை வரலாற்றில் அந்தத் தெருவுக்குத் தனி இடம் உண்டு. தெருவின் பெயரோ, 1641 கிளர்ச்சியை எதிர்த்து நின்ற குடும்பத்தின் பெயர்.

ரோரி? இங்கிலாந்து நாடாளுமன்றத் தளபதி க்ராம்வெல்லின் படை நாட்டை விழுங்கியபின் மேற்குக் கடலில் உள்ள இனிஷ்போஃபின் தீவு வரை ஓடினார். அதன்பின் அவருக்கு என்ன ஆனது என்பதில் வரலாற்றாசிரியர்களுக்கு ஒருமித்த கருத்து இல்லை.

ஆனால் அவர் வம்சம் முடியவில்லை. 1690 ஜூலை. அதே பாய்ன் நதி. அதே ட்ரோஹெடாவின் பக்கம். புராட்டஸ்டன்ட்டான வில்லியம் மன்னரின் படையில், சொந்தப் பெயரில் ஒரு படைப்பிரிவோடு நின்றவர் மூன்றாம் ட்ரோஹெடா ஏர்ல் ஹென்றி ஹாமில்டன் மூர், சார்லஸின் பேரன். எதிரே, அரியணை இழந்த கத்தோலிக்கரான ஜேம்ஸ் மன்னரின் படையில் குதிரைவீரர்களோடு நின்றவர் பேட்ரிக் சார்ஸ்ஃபீல்ட், ரோரியின் மகள் வயிற்றுப் பேரன். தாத்தாக்கள் விட்ட இடத்தில் பேரன்கள் தொடங்கினார்கள்.

அந்தப் போருக்குப் பிறகு ஐரிஷ் குடும்பத்தார் தாங்களாகவே தங்கள் பெயரிலிருந்து 'ஓ'வை வெட்டத் தொடங்கினார்கள். எழுத்தர்கள் காகிதத்தில் செய்ததை, இப்போது அவர்களே வாழ்க்கையில் செய்தார்கள். சட்டம் அப்படிச் சொன்னதா? பயம் செய்யவைத்ததா? வேலையும் நிலமும் கிடைக்க அதுதான் வழியா?

அடுத்த வாரம் பார்ப்போம்.

*(தொடரும்)*